தங்கவயலில் ஒரு கச்சேரி வைத்தால்?



கச்சேரி என்றதும் மேடையும் மின்விளக்கும் ஒலிபெருக்கியும் எதிரே நெருக்கியடித்து நிற்கும் கூட்டமும்தான் நினைவுக்கு வரும். 2006ஆம் ஆண்டுக் கோடையில் ஐஸ்லாந்து நாட்டு இசைக்குழு ஒன்று வேறு மாதிரி கச்சேரி செய்தது. குழுவின் பெயர் சிகுர் ரோஸ். உலகமெல்லாம் சுற்றிப் பாடிவிட்டுத் தாய்நாடு திரும்பிய அவர்கள், சொந்த மக்களுக்குக் கட்டணமே வாங்காமல் பாடுவது என்று முடிவு செய்தார்கள். பெரிய விளம்பரமும் செய்யவில்லை. பாறைச் சுவர் சூழ்ந்த பள்ளத்தாக்கிலும், பாழடைந்த மீன் ஆலையிலும், சிற்றூர்களின் சமூகக்கூடங்களிலும் போய் வாசித்தார்கள். பாட்டி தாத்தாக்களும் கைக்குழந்தைகளும் புல்வெளியில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அந்தப் பயணம் 2007இல் ‘ஹெய்மா’ என்ற ஆவணப்படமாக வெளிவந்தது. இயக்கியவர் டீன் டிபுளுவா. ‘ஹௌ டு டிரெய்ன் யுவர் டிராகன்’ படம் பார்த்திருக்கிறீர்களா? அதன் இயக்குநர்களில் ஒருவர் அவர்தான். இந்தப் படத்தில் பாடகர்களுக்குச் சமமாக அருவியும் பாசியும் கல்லும் மேகமும் வருகின்றன. இசையும் அதற்கேற்ற மாதிரி மெதுவாக, நீளமாக, பனிமூட்டம் கவிவதுபோல் பரவுகிறது.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு படம் எடுப்பதற்கென்றே அமைந்த ஓர் இடம் இருக்கிறது. அதுதான் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். பெங்களூரிலிருந்து கிழக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு, சேலம் பக்கங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் போய்ச் சேர்ந்தன. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. உரிகம், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று அதன் பகுதிகளின் பெயர்களே ஒரு தாளக்கட்டோடு ஒலிக்கின்றன.

சரி, அங்கே ஒரு கச்சேரி வைத்தால் எப்படிக் கேட்கும்? இந்தக் கேள்வியை விஞ்ஞானியிடம் கேட்டால் அவர் நம்மிடம் பல கேள்விகளைத் திருப்பிக் கேட்பார். எந்த இடத்தில்? எந்தப் பாறைக்குப் பக்கத்தில்? காலையிலா, இரவிலா? ஏனென்றால் நம் காதுக்கு வந்து சேரும் இசையில் பாதியைத்தான் வாத்தியம் தருகிறது. மீதியைத் தருவது அந்த இடம். வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுவர்கள் செய்யும் வேலை

‘ஹெய்மா’ குழு போன இடங்களில் ஒன்று த்யூபாவிக். ஐஸ்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள கடற்கரைச் சிற்றூர். 1930களில் அங்கே கான்கிரீட்டில் மிகப் பெரிய ஆலை கட்டினார்கள். ஹெர்ரிங் என்ற மீனைப் பிழிந்து எண்ணெய் எடுக்கும் ஆலை அது. கடலில் ஹெர்ரிங் வரத்து குறைந்தது. 1954இல் ஆலையை மூடினார்கள். வேலை தேடி மக்களும் ஊரை விட்டுப் போனார்கள். தங்கவயலின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே மீன் குறைந்தது, இங்கே பாறையில் தங்கம் குறைந்தது.

அந்த ஆலையின் பழைய எண்ணெய்த் தொட்டி ஒன்றுக்குள் நின்று சிகுர் ரோஸ் குழுவினர் ஒரு பாடலை வாசித்தார்கள். தொட்டிக்குள் ஏன் போக வேண்டும்? அங்கே ஒரு சுரம் எழுந்தால் சட்டென்று நிற்காது. சுவரில் மோதித் திரும்பும், எதிர்ச் சுவரில் மோதும், மேலே மோதும். இப்படி நூற்றுக்கணக்கான முறை திரும்பித் திரும்பி வந்து, ஒன்றோடொன்று கலந்து, சிறுகச் சிறுகத் தேயும். இதற்கு எதிர்முழக்கம் என்று பெயர்.

எதிரொலியும் எதிர்முழக்கமும் ஒன்றல்ல. எதிரொலி தனியாகக் கேட்கும். “ஓ” என்று கத்தினால் சற்று நேரம் கழித்து இன்னொரு “ஓ” வரும். அதற்குச் சுவர் குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. போக 17, வர 17 என்று 34 மீட்டர் ஓட, விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். அந்த அளவு இடைவெளி இருந்தால்தான் நம் மூளை இரண்டையும் தனித்தனி ஒலியாகப் பிரித்தறியும். சுவர் அதைவிடக் கிட்டத்தில் இருந்தால் திரும்பி வரும் ஒலி பழைய ஒலியோடு ஒட்டிக்கொண்டு, அதை நீட்டித்துவிடும். அதுதான் எதிர்முழக்கம்.

இதை முதன்முதலில் முறையாக அளந்தவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த வாலஸ் சபீன். 1895இல் அங்கே புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரை அரங்கில் ஆசிரியர் பேசுவது யாருக்கும் புரியவில்லை. என்ன காரணம் என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு இளம் ஆசிரியரான சபீனுக்கு வந்தது. ஊர் அடங்கிய இரவுகளில், பக்கத்து அரங்கின் நாற்காலி மெத்தைகளை உதவியாளர்களோடு சுமந்துவந்து இந்த அரங்கில் பரப்பினார். ஓர் ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கடிகாரத்தில் அளந்தார். மெத்தைகளைக் கூட்டியும் குறைத்தும் மறுபடி மறுபடி அளந்தார். இடம் பெரிதாக இருந்தால் ஒலி நீளும், மெத்தை போன்ற மென்மையான பொருள்கள் ஒலியைக் குடித்துவிடும் என்ற விதி அப்படித்தான் கிடைத்தது. இன்று உலகில் எந்த இசை அரங்கைக் கட்டினாலும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறார்கள்.

கான்கிரீட் ஒலியைக் குடிப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம். ஸ்காட்லாந்தில் இன்சிண்டவுன் என்ற இடத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கப்பல் எண்ணெய் சேமிக்க மலையைக் குடைந்து தொட்டிகள் கட்டினார்கள். ட்ரெவர் காக்ஸ் என்ற ஒலியியல் பேராசிரியர் அதற்குள் போய், துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவை வெடித்துப் பார்த்தார். தாழ்ந்த சுரத்தில் அந்த ஒலி அடங்க 112 விநாடி ஆனது! கின்னஸ் சாதனைப் புத்தகத்தில் ஏறிய அளவு அது.

தங்கவயலில் இதற்கு நேர்மாறான இடமும் இருக்கிறது. பாறையை மாவாக இடித்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சிய பொடியை மலை மலையாகக் குவித்து வைத்தார்கள். ஊர்க்காரர்கள் அவற்றைச் சயனைடு மலை என்பார்கள். மொத்தம் மூன்று கோடி டன்னுக்கும் மேல். சினிமாவில் பார்த்திருப்பீர்கள், ‘கே.ஜி.எஃப்.’ படத்துக்கு அங்கேதான் அரங்கு அமைத்தார்கள். அந்தப் பொடியில் துகளுக்கும் துகளுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடுக்குகள் கோடிக்கணக்கில் உள்ளன. ஒலி அலை அந்த இடுக்குகளுக்குள் புகுந்து, காற்றோடும் துகளோடும் உரசி, வெப்பமாக மாறி அழிந்துபோகிறது. சபீனின் மெத்தைகள் செய்ததும் இதுவே. உயர்ந்த சுரங்கள்தாம் அதிகம் அழியும். ஆகவே அந்தக் குவியல்களுக்கு நடுவே புல்லாங்குழல் வாசித்தால் அதன் கூர்மை குறைந்து கேட்கும். எதிர்முழக்கம் அநேகமாக இருக்காது. ஆனால் யாரும் அங்கே போய்ச் சோதித்துப் பார்க்க வேண்டாம். அந்தப் பொடியில் நச்சுக் கழிவு கலந்திருக்கிறது. கைவிட்ட சுரங்க வாய்களும் அப்படித்தான், அருகே போகவே கூடாது.

மேலேயிருந்து கீழே: ஒரு கணக்கு

சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கி.மீ. ஆழம் போனது. ஒரு காலத்தில் உலகிலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது.

இப்போது ஒரு கணக்கு. நிலத்தின் மேலே ஒருவர் பறையை ஓங்கி அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒலி வழியில் தேயாமல் போகும் என்றால், சுரங்க வாய்க்குள் இருக்கும் காற்றின் வழியே அடி ஆழத்தை அடைய எவ்வளவு நேரம் ஆகும்? 3,200 மீட்டரை 340ஆல் வகுங்கள். ஒன்பது விநாடிக்கு மேல் ஆகிறது. அதே அதிர்வு பாறையின் வழியே போனால்? தங்கவயலின் கெட்டிப் பாறையில் ஒலி விநாடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடும். அப்படியானால் அரை விநாடிதான்! கீழே நிற்பவருக்கு ஒரே அடி இரண்டு முறை வந்து சேரும். முதலில் பாறை சொல்லும். ஒன்பது விநாடி கழித்துக் காற்று சொல்லும்.

பாறையில் ஏன் இந்த வேகம்? ஒலி என்பது துகள் துகளைத் தள்ளும் தள்ளல். காற்றில் துகள்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. தளர்வாக இருப்பதால் தள்ளல் மெதுவாகக் கைமாறுகிறது. பாறையில் அணுக்கள் விறைப்பாகப் பிணைந்திருப்பதால் ஒன்றை அசைத்தால் அடுத்தது உடனே அசைகிறது.

கல்லே வாத்தியம்

‘ஹெய்மா’ படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. ஹூசாஃபெல் என்ற ஊரில் பால் குட்முண்ட்சன் என்ற சிற்பி இருக்கிறார். மலைச்சரிவில் கிடக்கும் தட்டையான கற்களைத் தட்டிப் பார்த்துப் பொறுக்கி, சுரவரிசைப்படி அடுக்கி, கல்லால் ஆன ஒரு மரிம்பா, அதாவது பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம், செய்திருக்கிறார். இசைக்குழுவினர் அவரோடு சேர்ந்து அந்தக் கற்களை வாசிக்கிறார்கள்.

கல் பாடுவது நமக்குப் புதிதா? மதுரை மீனாட்சி அம்மன் கோயிலிலும் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயிலிலும் இசைத் தூண்கள் இருக்கின்றன. கர்நாடகத்தின் ஹம்பியில் விட்டலர் கோயில் இசைத் தூண்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள். தூணுக்குள் ஏதாவது குழாய் வைத்திருப்பார்களோ என்று பலருக்கும் சந்தேகம் இருந்தது. அப்படி எதுவும் இல்லை, அவை உள்ளீடற்றவை அல்ல, முழுக் கல்தான் என்று தெரிந்தது. தட்டும்போது தூண் மிக நுட்பமாக இப்படியும் அப்படியும் வளைந்து அதிர்கிறது. அந்த வளைவு அதிர்வே நம் காதில் சுரமாகக் கேட்கிறது.

இதைவிடவும் பழைய சான்று பெல்லாரி மாவட்டத்தில் குப்கல் என்ற இடத்தில் இருக்கிறது. அங்கே ஒரு மலைமேல் டோலரைட் என்ற கரும்பாறைகள் குவிந்து கிடக்கின்றன. புதிய கற்கால மனிதர்கள் அவற்றில் மாடுகளையும் மனிதர்களையும் செதுக்கியிருக்கிறார்கள். சில பாறைகளில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்த குழிகள் உள்ளன. அந்தக் குழியில் கல்லால் அடித்தால் கோயில் மணிபோல் ஓங்கி ஒலிக்கிறது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கச்சேரி நடந்திருக்கலாம் என்று 2004இல் நிக்கோல் போய்வின் என்ற தொல்லியல் ஆய்வாளர் எழுதினார். தங்கவயலின் பாறைகளையும் இதே டோலரைட், செங்குத்தான சுவர்கள்போல் பல இடங்களில் ஊடறுத்துப் போகிறது.

சுரங்கத் தொழிலாளிக்குக் கல்லின் சுரம் உயிர் காக்கும் பாடம். வேலை தொடங்குமுன் இரும்புக் கம்பியால் தலைக்கு மேலுள்ள பாறையைத் தட்டுவார். “ணங்” என்று தெளிவாக ஒலித்தால் பாறை உறுதியாக ஒட்டியிருக்கிறது. “டொப்” என்று மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் விட்டு, ஒரு பலகை மட்டும் பிரிந்து தொங்குகிறது என்று பொருள். உடனே அதை நெம்பித் தள்ளிவிடுவார். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்கும் நம் அம்மாவின் அறிவியலும் இதே அறிவியல்தான். சுரங்கத்தில் அந்த அறிவுக்கு விலை ஓர் உயிர்.

நீங்களும் ஒரு கல் மரிம்பா செய்து பார்க்கலாம். கல் கடையில் வெட்டி மிஞ்சிய கிரானைட் அல்லது கடப்பாக் கல் பட்டை ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம் இருந்தால் போதும். பெரியவர் ஒருவர் உடன் இருக்கட்டும். முதலில் பட்டையைத் தரையில் வைத்துச் சிறு மரச் சுத்தியால் தட்டுங்கள். வெறும் “டக்” என்று கேட்கும். இப்போது இரு முனைகளிலிருந்தும் 11 செ.மீ. தள்ளி, கீழே இரண்டு கயிற்றுச் சுருள்களை வைத்து அதன் மேல் பட்டையைக் கிடத்துங்கள். நட்ட நடுவில் தட்டுங்கள். கல் பாடும்!

ஏன் 11 செ.மீ.? பட்டை அதிரும்போது நடுப்பகுதி மேலே போனால் முனைகள் கீழே வரும். இடையில் இரண்டே இரண்டு இடங்கள் மட்டும் அசையாமல் இருக்கும். அந்த இடங்கள் முனையிலிருந்து மொத்த நீளத்தில் சுமார் 22 சதவீதத்தில் அமைகின்றன. அங்கே தாங்கினால் அதிர்வு தடைபடாது. வேறு எங்கே தாங்கினாலும் கயிறு அதிர்வைப் பிடித்து நிறுத்திவிடும். இன்னொரு அதிசயமும் உண்டு. வீணைத் தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வு இரண்டு மடங்காகும். கல் பட்டையை அதே தடிமனில் பாதி நீளமாக்கினால் அதிர்வு நான்கு மடங்காகும். அளந்து வெட்டச் சொல்லி ஏழு சுரங்களையும் அடுக்க முடியுமா, முயன்று பாருங்கள்.

அக்கா, தங்கை நிலங்கள்

ஐஸ்லாந்துக்கும் தங்கவயலுக்கும் என்ன உறவு? இரண்டும் எரிமலைக் குழம்பில் பிறந்தவை. ஐஸ்லாந்தின் மிகப் பழைய பாறைக்கே வயது சுமார் 1.6 கோடி ஆண்டுகள்தான். இன்றும் அங்கே எரிமலைகள் வெடிக்கின்றன. தங்கவயலின் பாறைகளுக்கு வயது சுமார் 270 கோடி ஆண்டுகள்!

அந்தக் காலத்தில் அங்கே கடல் இருந்தது. கடலடியில் எரிமலைக் குழம்பு கசிந்து, குளிர்ந்த நீரைத் தொட்டதும் மேல்தோல் இறுகி, உருண்டை உருண்டையாகத் திரண்டது. தலையணைகளை அடுக்கி வைத்த தோற்றத்தில் இருப்பதால் இதைத் தலையணை எரிமலைப் பாறை என்கிறார்கள். தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளியில் உள்ள அத்தகைய பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்திருக்கிறது. ஐஸ்லாந்திலும், பனிப்பாறைக்கு அடியில் எரிமலை வெடித்த இடங்களில், இதே தலையணைகளைப் பார்க்கலாம்.

பிறப்பு ஒன்றானாலும் குரல் ஒன்றல்ல. ஐஸ்லாந்தின் இளம்பாறைகள் பலவற்றில் வாயுக் குமிழிகள் விட்டுப்போன ஓட்டைகள் நிறைந்திருக்கின்றன. அவற்றில் ஒலி மெதுவாகப் போகும், விரைவில் தேயும். தங்கவயல் பாறையோ கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் அழுந்தி, வெந்து, உருமாறி, குமிழியெல்லாம் மூடிக் கெட்டியாகிவிட்டது. அதனால்தான் அதில் ஒலிக்கு அத்தனை வேகம். அந்த உருமாற்றத்தின்போது விரிசல்களில் ஏறிய சூடான நீர் படியவிட்ட குவார்ட்ஸ் கல் நரம்புகளில்தான் தங்கம் ஒளிந்திருந்தது.

வில்லும் பூமியும்

சிகுர் ரோஸ் குழுவின் பாடகர் யோன்சி பெரும்பாலும் கிதாரை விரலால் மீட்டுவதில்லை. செல்லோ வாத்தியத்தின் வில்லை எடுத்துக் கிதார் தந்திமேல் இழுப்பார். விரலால் மீட்டினால் சுரம் தோன்றியதும் தேயத் தொடங்கிவிடும். வில்லால் இழுத்தால் இழுக்கும் வரை நீளும். அந்தக் குழுவின் இசை முடிவில்லாமல் விரிவதுபோல் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வில் எப்படி ஒலி எழுப்புகிறது? வில்லின் முடியில் பிசின் பூசியிருப்பார்கள். அது தந்தியைப் பற்றி இழுத்துக்கொண்டு போகும். ஓர் எல்லைவரை தந்தி கூடவே போகும். பிறகு பிடி தாங்காமல் வழுக்கிப் பின்னால் பாயும். உடனே வில் மீண்டும் பற்றும், மீண்டும் வழுக்கும். விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இப்படிப் பற்றுவதும் வழுக்குவதும் நடக்க, அது சுரமாகக் கேட்கிறது.

இனிமேல்தான் முக்கியமான செய்தி. இதே பற்றலும் வழுக்கலும் தங்கவயலின் அடியிலும் நடக்கின்றன! 3 கி.மீ. ஆழத்தில், உங்கள் விரல் நகம் அளவுள்ள ஒரு சதுர செ.மீ. பாறைமேல் சுமார் 900 கிலோ எடை அழுத்துகிறது. பாறைக்குள் பழைய வெடிப்புகள் உண்டு. வெடிப்பின் இருபுறமும் உள்ள பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும். சுரங்கம் தோண்டத் தோண்டத் தாங்கும் பாறை குறைந்து, மீதியுள்ள பாறையில் அழுத்தம் ஏறும். ஒரு கட்டத்தில் பிடி தாங்காமல் பாறை சட்டென்று வழுக்கும், அல்லது சுவரே நொறுங்கி உள்ளே வெடித்துச் சிதறும். இதைப் பாறை வெடிப்பு என்கிறோம். சுரங்கத்தில் அந்தக் காலத்தில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். பூமிக்கு மேலே இருந்த வீடுகள் அதிர்ந்து, சுவர்கள் விரிசல் கண்டதும் உண்டு. கீழே இருந்த தொழிலாளிகள் பலர் இதில் உயிரிழந்தார்கள். அவர்களை மறந்துவிட்டுத் தங்கத்தைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமாகாது.

சுரங்கம் மூடிய பிறகும் சிறு அதிர்வுகள் நின்றுவிடவில்லை. நீரை இறைத்துக்கொண்டிருந்த பம்புகள் நின்றதும் சுரங்கங்களில் நீர் நிரம்பத் தொடங்கியது. நீர் வெடிப்புகளுக்குள் புகுந்து பாறைகளின் பிடியைத் தளர்த்தும். பிடி தளர்ந்தால் வழுக்கல்தானே!

இந்த அதிர்வுகளைக் கேட்க விஞ்ஞானிகள் ஜியோஃபோன் என்ற கருவிகளைப் பாறையில் பொருத்தினார்கள். அது பூமிக்கு வைத்த மைக். கச்சேரியில் பாடகர் கையில் இருக்கும் மைக் பலவற்றில் ஒரு காந்தமும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும். குரல் அதிர்வால் சுருள் அசைந்தால் மின்னோட்டம் பிறக்கும். ஜியோஃபோனிலும் காந்தமும் சுருளும்தான். அதை அசைப்பது தரையின் அதிர்வு. ஒரே வெடிப்பின் அதிர்வு ஒரு ஜியோஃபோனை முதலிலும் மற்றொன்றைச் சற்றுப் பின்னரும் அடையும். பல ஜியோஃபோன்களின் நேர வேறுபாடுகளைச் சேர்த்துக் கணக்கிட்டால் வெடிப்பு நடந்த இடத்தைக் குறித்துவிடலாம். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில்தான் தொடங்கப்பட்டது. அணைகளுக்கும் மலைச் சுரங்கப் பாதைகளுக்கும் பாறையின் போக்கை ஆராய்ந்து சொல்லும் நிறுவனம் அது. நம் தொழிலாளிகள் காதால் கேட்டுப் பழகிய பாடத்தின் அடுத்த வகுப்பு என்று அதைச் சொல்லலாம்.

அமைதியைத் தேடி வந்தவர்கள்

இசைக்கு ஒலி எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அமைதியும் வேண்டும். ‘ஹெய்மா’வில் ஒரு காட்சி. காராஹ்ன்யூகர் என்ற பெரிய அணைக்கு எதிராக மக்கள் முகாமிட்டிருந்த இடத்தில், மின்சாரக் கருவி எதுவும் இல்லாமல் குழுவினர் வாசிக்கிறார்கள். காற்றின் இரைச்சல்கூட இசையில் கலந்து கேட்கிறது. இசையால் அணை நின்றுவிடவில்லை. அந்த ஆண்டே நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கியது. ஆனால் அந்தக் காற்றின் ஒலி படத்தில் பதிவாகிவிட்டது.

தங்கவயலுக்கும் அமைதியைத் தேடி ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் இயற்பியலாளர்கள். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதி மியூவான், நியூட்ரினோ போன்ற துகள்களை உண்டாக்குகின்றன. நியூட்ரினோ மிகவும் கூச்சம் பிடித்த துகள். பூமியையே ஊடுருவிப் போகும். எதனுடனும் எளிதில் மோதாது. நிலத்தின் மேலே கருவி வைத்தால் மியூவான்கள் மழையாகக் கொட்டும். அந்த ஆரவாரத்தில் நியூட்ரினோவின் சுவடு எடுபடாது. என்ன செய்வது? மியூவான்களைத் தடுக்கும் தடித்த கூரை வேண்டும். 2.3 கி.மீ. பாறையைவிட நல்ல கூரை எங்கே கிடைக்கும்?

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தோடும் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து, தங்கவயலில் அந்த ஆழத்தில் கருவிகளை அமைத்தார்கள். 1965இல், காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் சுவட்டைக் கண்டு உலகுக்கு அறிவித்தார்கள். உலகிலேயே அத்தகைய முதல் கண்டுபிடிப்புகளில் ஒன்று அது. தங்கம் தோண்டிய தொழிலாளிகளின் உழைப்பால் உண்டான ஆழம், அறிவியலுக்கு அமைதியைக் கொடுத்தது.

சங்கு ஏன் அதிகாலையில் தூரம் கேட்டது?

சுரங்கம் ஓடிய காலத்தில் வேலை மாறும் நேரத்துக்குச் சங்கு ஊதும். ஊரின் கடிகாரமே அதுதான். அதிகாலைச் சங்கு பகல் சங்கைவிடத் தூரத்துக்குக் கேட்கும். ஊர் அமைதியாக இருப்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் காற்றின் வெப்பம்.

சூடான காற்றில் ஒலி வேகமாகவும் குளிர்ந்த காற்றில் மெதுவாகவும் போகும். பகலில் தரை சூடாகித் தரையை ஒட்டிய காற்றும் சூடாகும். மேலே போகப் போகக் குளிரும். வேகமும் மெதுவும் இப்படி அடுக்காக இருந்தால் ஒலியலை குளிர்ந்த பக்கம் நோக்கி வளையும். அதாவது பகலில் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலே போய்விடும். தெளிந்த வானமுள்ள இரவில் தரை விரைவாகக் குளிர்வதால் அடியில் குளிர்ந்த காற்று, மேலே அதைவிடச் சூடான காற்று. அப்போது ஒலி கீழ்நோக்கி வளைந்து, தரையோடு தரையாக நெடுந்தூரம் வரும். 850 மீட்டர் உயரத்திலுள்ள தங்கவயலின் மார்கழி விடியல் இதற்குத் தகுந்த நேரம். ஆகவே கச்சேரி வைப்பவருக்கு விஞ்ஞானியின் அறிவுரை: வெயில் உச்சியில் வேண்டாம், விடியலில் வையுங்கள்!

பறை வாசிப்பவருக்கும் ஒரு சொல். குளிர்ந்த காலையில் தோல் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துத் தளர்ந்திருக்கும், சுரம் இறங்கிவிடும். தீ மூட்டிக் காய்ச்சினால் ஈரம் வெளியேறி, தோல் இறுகி, சுரம் ஏறும். இதை நம் கலைஞர்கள் எந்தப் பாடப்புத்தகமும் இல்லாமல் அறிந்து வைத்திருக்கிறார்கள்.

உங்களுக்கு ஒரு வேலை

எலும்புக்குப் புதைபடிவம் உண்டு, இலைக்கும் உண்டு. ஒலிக்கு இல்லை. எழுந்த விநாடியே தேய்ந்துவிடும். ஒலியைப் பதிந்து திரும்பக் கேட்கும் கருவியை எடிசன் செய்தது 1877இல். தங்கவயலில் சுரங்க வேலை தொடங்கியது 1880இல். அப்படியென்றால் அந்தச் சுரங்கத்தின் வாழ்நாள் முழுவதும் பதிவுக் கருவி உலகில் இருந்த காலமே! இருந்தும், சங்கின் ஊதலும், தொழிலாளிகள் சுரங்கத்துக்குள் போய்வந்த கூண்டை ஏற்றி இறக்க அடித்த மணியும் இன்று கேட்க வேண்டுமென்றால் அவற்றைக் கேட்ட பெரியவர்களைத்தான் தேடிப்போக வேண்டியிருக்கிறது.

தங்கவயலில் இருக்கும் தம்பி, தங்கைகளே, உங்கள் வீட்டிலோ தெருவிலோ சுரங்கத்தில் வேலை பார்த்த தாத்தா ஒருவர் இருப்பார். எத்தனை மணி அடித்தால் கூண்டு ஏறும், எத்தனை அடித்தால் இறங்கும், பாறை வெடிக்குமுன் என்ன சத்தம் கேட்கும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் அந்த ஒலியை வாயால் செய்து காட்டும்போது கைபேசியில் பதிவு செய்யுங்கள். தேதியும் இடமும் எழுதி வையுங்கள்.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கும் இதே வேலைதான். உங்கள் ஊரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு நிமிடம், நண்பகலில் ஒரு நிமிடம், இரவு ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். தரை மண்ணா, பாறையா, அருகில் சுவர் எவ்வளவு தூரம், காற்று எந்தப் பக்கம், வெப்பம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் மறுபடி செய்யுங்கள். ஓராண்டு முடியும்போது உங்கள் கையில் உங்கள் ஊரின் ஒலி ஏடு இருக்கும். அதன் ஒரு படியைப் பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுங்கள். அடுத்து வரும் வகுப்புப் பிள்ளைகள் அதே இடத்தில் நின்று அளந்து, என்ன மாறியிருக்கிறது என்று சொல்ல முடியும்.

ஐஸ்லாந்துக் குழுவினர் தங்கள் நாட்டைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பிறந்து வளர்ந்த இடத்திலேயே நின்று கவனமாகக் கேட்டார்கள், கேட்டதோடு சேர்ந்து வாசித்தார்கள். தங்கவயலின் கச்சேரிப் படத்தை ஒருநாள் உங்களில் யாராவது எடுப்பீர்கள் என்று நான் நம்புகிறேன். அந்தப் படத்துக்குக் கேமராவும் வாத்தியமும் பிறகு வாங்கிக்கொள்ளலாம். ஒலி ஏட்டை இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடலாம்.